நிற்கும் லாரிக்கும் நாள் ஓடும்: செட்டிநாட்டுச் சரக்கும் இ-வே பில் காலாவதியும்

ஆத்தங்குடிக் கல் ஏற்றிய லாரி காரைக்குடியை விட்டுச் சாயங்காலம் கிளம்பினால் மறுநாள் காலையில் பெங்களூரு போய்ச் சேர்ந்துவிடும். தூரம் ஏறத்தாழ 430 கிலோமீட்டர். சரக்கோடு இருக்க வேண்டிய ஜி.எஸ்.டி. மின்னணுச் சீட்டான இ-வே பில் அதற்குக் கொடுக்கும் அவகாசம் மூன்று நாள். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள், மிச்சம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அதற்கு இன்னொரு நாள் என்பது 2021 ஜனவரி 1 முதல் உள்ள கணக்கு. அதற்கு முன் 100 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று இருந்தது. ஒரு டிரைவர் மட்டும் ஓட்டும் வண்டிகூட நாளைக்கு 350, 400 கிலோமீட்டர் போகும். அப்படியும் காலாவதியான பில்லோடு வண்டிகள் பிடிபடுகின்றன. ஓடும் வேகம் போதாமல் நாள் தீர்ந்தவை அவற்றில் குறைவு. பார்சல் ஆபீஸில் முழு லோடு சேரக் காத்திருந்ததிலும், ஞாயிற்றுக்கிழமை குடோன் பூட்டிக் கிடந்ததிலும், கட்டட வேலை நடக்கும் இடத்தில் இறக்க ஆள் இல்லாமல் வண்டி நின்றதிலும்தான் பெரும்பாலும் நாள் கழிகிறது. நாள் நெருங்கும்போது, அதை நீட்டிக்க வேண்டியவர் யார் என்பது விற்றவருக்கும் தெரிவதில்லை, லாரிக்காரருக்கும் தெரிவதில்லை.

தவறினால் வரும் செலவை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. வரிக்கு முந்தைய மதிப்பு 3,00,000 ரூபாய், வரி 18 விழுக்காடு என்றால் வரி 54,000 ரூபாய். பில் காலாவதியான சரக்கை அதிகாரி நிறுத்தி, ஜி.எஸ்.டி. சட்டத்தின் 129-வது பிரிவில் உத்தரவு போட்டால், உரிமையாளர் வந்து சரக்கை மீட்க வரியைப்போல் இரு மடங்கு, அதாவது 1,08,000 ரூபாய் அபராதம். 2022 ஜனவரி 1 முதல் இந்த விகிதம்தான். உரிமையாளர் யாரும் முன்வராவிட்டால் சரக்கு மதிப்பில் பாதி, வரியின் இரு மடங்கு ஆகிய இரண்டில் எது அதிகமோ அது. ஒரு லோடு ஓட்டுக்கல்லில் பட்டறைக்காரருக்கு நிற்கும் லாபத்தோடு ஒப்பிட்டால் இது அந்த லோடை மட்டும் அல்ல, அடுத்த சில லோடுகளையும் விழுங்கிவிடும்.

நாள் எப்போது தொடங்குகிறது?

இ-வே பில்லுக்கு இரண்டு பகுதி. பார்ட் ஏ-யில் விற்பவர், வாங்குபவர், இன்வாய்ஸ் எண், சரக்கு, மதிப்பு, பின்கோடு. பார்ட் பி-யில் வண்டி எண். பார்ட் ஏ மட்டும் போட்டு வைத்தால் அந்த எண் 15 நாள் வரை கிடக்கும்; அந்த 15 நாளும் செல்லுபடிக் காலத்தில் சேராது. முதல் முறையாக வண்டி எண்ணைப் பதியும் நிமிடத்தில்தான் நாள் ஓடத் தொடங்குகிறது.

செட்டிநாட்டில் அடிக்கடி நடக்கும் பிசகு இங்கே இருக்கிறது. ஆத்தங்குடியிலோ பள்ளத்தூரிலோ சரக்கைக் குட்டியானையில் ஏற்றிக் காரைக்குடி பார்சல் ஆபீஸுக்கு அனுப்புவார்கள். பில் போடும் பையன் அந்தக் குட்டியானையின் எண்ணையே பார்ட் பி-யில் போட்டுவிடுவார். அந்த நிமிடத்திலிருந்து கடிகாரம் ஓடுகிறது. பார்சல் ஆபீஸில் திருச்சிப் பக்கத்துக்கோ சென்னைக்கோ முழு லோடு சேர இரண்டு நாள் ஆகலாம். பெரிய லாரி கிளம்பும்போது மூன்று நாள் பில்லில் ஒரு நாள்தான் மீதி இருக்கும். சட்டம் இதைக் கேட்கவே இல்லை. ஒரே மாநிலத்துக்குள், விற்பவரின் இடத்திலிருந்து டிரான்ஸ்போர்ட்காரரின் இடம் வரை 50 கிலோமீட்டருக்குள் இருந்தால், மேற்கொண்டு அனுப்புவதற்காகப் போகும் அந்தச் சரக்குக்குப் பார்ட் பி நிரப்பத் தேவையில்லை. செட்டிநாட்டின் ஊர்களில் பெரும்பாலானவை காரைக்குடிக்கு 50 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். ஆகவே பட்டறையில் பார்ட் ஏ மட்டும் போட்டு, டிரான்ஸ்போர்ட்காரரின் ஐ.டி.யைக் குறித்து, அந்தச் சீட்டோடும் இன்வாய்ஸோடும் குட்டியானையை அனுப்பினால் போதும். பெரிய லாரி கிளம்பும் நேரத்தில் டிரான்ஸ்போர்ட் ஆபீஸ் அதன் எண்ணைப் பதியும். நாள் அங்கிருந்து ஓடும். போய்ச் சேரும் ஊரில் டிரான்ஸ்போர்ட்காரரின் இடத்திலிருந்து வாங்குபவரின் கடை வரை 50 கிலோமீட்டருக்குள் என்றால் அங்கும் இதே சலுகை உண்டு.

அடுத்தது நள்ளிரவுக் கணக்கு. ஒரு நாள் என்றால் பதிந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். விதி அப்படி இல்லை. பில் போட்ட தேதிக்கு மறுநாள் நள்ளிரவில் முதல் நாள் முடிகிறது. திங்கட்கிழமை இரவு 11.50-க்கு வண்டி எண்ணைப் பதிந்தால், 200 கிலோமீட்டருக்கு உட்பட்ட பில் செவ்வாய் நள்ளிரவில் தீரும். கையில் கிடைப்பது 24 மணி நேரத்தை ஒட்டி. அதே வண்டிக்குச் செவ்வாய் அதிகாலை 12.10-க்குப் பதிந்தால் புதன் நள்ளிரவு வரை, ஏறத்தாழ 48 மணி நேரம். இருபது நிமிட வித்தியாசத்தில் ஒரு முழு நாள். இரவு லோடு ஏற்றுபவர்கள் தார்ப்பாய் கட்டும் முன்பே அவசரமாகப் பில் போட வேண்டியதில்லை. சரக்கு நகரத் தொடங்கும் முன் பில் இருக்க வேண்டும், அவ்வளவே. கயிறு கட்டி, எடை போட்டு, டிரைவர் ஏறும் நேரத்தில் வண்டி எண்ணைப் பதிவது சட்டத்துக்கு உட்பட்டதும் புத்திசாலித்தனமானதும் ஆகும்.

காரைக்குடியிலிருந்து திருச்சி 90 கிலோமீட்டர்தான் என்று அசட்டையாக இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு கூடுதலாகத் தேவைப்படும். டெல்லிக்குப் போகும் லோடுக்கு இ-வே பில் இணையதளம் 2,560 கிலோமீட்டர் காட்டினால் 13 நாள் கிடைக்கும். லாரி ஒரு வாரத்துக்குள் போய்விடும். நடுவில் இரண்டு நாள் நின்றாலும் சமாளிக்கலாம். குறுந்தூரப் பில்லில் அந்தத் தாராளம் கிடையாது. ஒரே நாள் பில்லோடு சனிக்கிழமை இரவு பத்து மணிக்குக் கிளம்பிய சரக்கு, ஞாயிறு இறக்க முடியாமல் நின்று திங்கள் காலை நகர்ந்தால், அது காலாவதியான பில்லோடு நகர்கிறது.

பின்கோடும் தூரமும்

தூரத்தை நாம் இஷ்டத்துக்கு எழுத முடியாது. கிளம்பும் இடத்தின் பின்கோட்டையும் சேரும் இடத்தின் பின்கோட்டையும் வைத்துத் தளமே தூரத்தைக் கணக்கிடும். அதற்கு மேல் 10 விழுக்காடு வரை கூட்டிக்கொள்ளலாம். தளம் 395 கிலோமீட்டர் காட்டினால் இரண்டு நாள். பாலம் வேலை, வெள்ளம், கனரக வண்டிக்குத் தடை என்று உண்மையிலேயே சுற்றிப் போகிற வழி 420 என்றால் அதை எழுதலாம், மூன்று நாள் ஆகும். 200-இன் மடங்கை ஒட்டிய தூரங்களில் இந்தச் சலுகையை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். போகாத வழியைக் காட்டி நாளைக் கூட்டுவது வேறு விஷயம், அதைச் செய்யக் கூடாது. இரண்டு பின்கோடும் ஒன்றே என்றால் 100 கிலோமீட்டர் வரைதான் தளம் ஏற்கும்.

பெரிய வீட்டுக் கட்டுமானங்களுக்குக் கல் அனுப்பும்போது பில் ஒரு ஊர், இறக்குவது வேறு ஊர் என்று வருவது சாதாரணம். கட்டுமான நிறுவனத்தின் பதிவு சென்னையில் இருக்கும், வேலை நடப்பது மைசூரில் இருக்கும். பில் போடும் முகவரிக்குச் சென்னையும், சரக்கு அனுப்பும் முகவரிக்கு மைசூர் இடத்தின் பின்கோடும் தனித்தனியாகப் போட வேண்டும். இரண்டிலும் சென்னையையே போட்டுவிட்டால் தூரம் தப்பும், நாள் தப்பும், வண்டி நிற்கும் திசையே பில்லில் உள்ள திசைக்கு எதிராக இருக்கும். பின்கோட்டில் ஓர் எண் மாறியதை அதிகாரிகள் சிறு பிழையாகக் கருத இடம் உண்டு. ஆனால் அந்தப் பிழையால் செல்லுபடிக் காலம் நீண்டிருக்கக் கூடாது என்ற நிபந்தனையும் கூடவே இருக்கிறது.

நீட்டிப்பு எப்படி?

பில் முடியும் நேரத்துக்கு 8 மணி நேரம் முன்பிருந்து, முடிந்து 8 மணி நேரம் வரை நீட்டிக்கலாம். முடிவது எப்போதும் நள்ளிரவு என்பதால் இதைக் கடிகாரத்தில் மனப்பாடம் செய்துகொள்ளலாம்: அன்று மாலை 4 மணியிலிருந்து மறுநாள் காலை 8 மணி வரை. மாலை 4 மணிக்கு முன்னால் முயன்றால் தளம் ஏற்காது. காலை 8 மணிக்குப் பிறகு கதவு மூடிவிடும். நள்ளிரவுக்குப் பிறகும் நீட்டிக்க வழி இருக்கிறது என்பதால் அதுவரை தள்ளிப்போடுவது ஆபத்து. இடைப்பட்ட அந்த நேரத்தில் வண்டி ஓடிக்கொண்டிருந்தால் அது காலாவதியான பில்லோடுதான் ஓடுகிறது, சோதனைப் படையின் கணினியிலும் அப்படியே தெரியும். மாலை 4 மணிக்கே டிரைவருக்குப் போன் போட்டு, எங்கே இருக்கிறார் என்று கேட்டு, நள்ளிரவுக்குள் இறக்கி முடிக்க வழியில்லை என்று தெரிந்தால் ஆறு மணிக்குள் நீட்டித்துவிடுவதே ஒழுங்கு.

தளத்துக்குள் நுழைந்து, இ-வே பில் பட்டியலில் செல்லுபடி நீட்டிப்பு என்ற இடத்துக்குப் போய் 12 இலக்க எண்ணைப் போட வேண்டும். காரணம் கேட்கும்: இயற்கைச் சீற்றம், சட்டம் ஒழுங்குப் பிரச்சினை, வண்டி மாற்றம், விபத்து, மற்றவை. பிறகு சரக்கு இப்போது எந்த நிலையில் என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வண்டியில் ஏறிச் சாலையில் இருந்தால் நகர்வில் என்பதைத் தேர்ந்து வண்டி எண்ணைத் தர வேண்டும். குடோனிலோ ஷெட்டிலோ நின்றால் இடைவழியில் என்பதைத் தேர்ந்து, சாலையா குடோனா வேறா என்று குறித்து, அந்த இடத்தின் முகவரியைத் தர வேண்டும். அடுத்து வண்டி இப்போது நிற்கும் இடத்தின் பின்கோடு. அங்கிருந்து மீதித் தூரத்தை வைத்தே புதிய நாள் கிடைக்கும்.

இந்தக் கடைசி விவரத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். கிருஷ்ணகிரியில் நிற்கும் வண்டிக்குக் காரைக்குடி 630001 என்று கிளம்பிய ஊரின் பின்கோட்டையே மறுபடி போட்டுவிடுவார்கள். மூன்று நாளாக வண்டி நகரவே இல்லை என்று பதிவு சொல்லும். அதே வண்டியின் ஃபாஸ்டேக் நான்கு சுங்கச்சாவடிகளில் பதிவாகியிருக்கும், அந்த விவரம் இ-வே பில் அமைப்போடு இணைக்கப்பட்டிருக்கிறது. முரண்பாடு இருந்தால் அதிகாரி கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். டிரைவருக்கு ஊர் பெயர் தெரியும், பின்கோடு தெரியாது. அருகில் உள்ள பெட்ரோல் பங்க் பில்லிலோ கடைப் பலகையிலோ பின்கோடு இருக்கும், அதைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னால் போதும்.

காரணம் எழுதும் இடத்தில் "மற்றவை" என்று விட்டுவிடாமல், "கிளட்ச் பிளேட் பழுது, தொப்பூர் அருகே ஷெட்டில்" என்பதுபோல் நடந்ததை எழுதி, ஷெட் பில்லையும் படத்தையும் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். நீட்டித்த பிறகு வரும் புதிய தேதியைப் படித்துப் பார்க்க வேண்டும். 2025 ஜனவரி 1 முதல், ஒரு பில்லை முதலில் போட்ட தேதியிலிருந்து 360 நாளுக்கு மேல் நீட்டிக்க முடியாது. 180 நாளுக்கு மேல் பழைய இன்வாய்ஸுக்கு இ-வே பில்லே போட முடியாது. அன்றாட லோடுகளுக்கு இது இடிக்காது. கண்காட்சிக்குப் போய்த் திரும்பும் சரக்குக்கும், தகராறில் குடோனில் கிடக்கும் சரக்குக்கும் இடிக்கும்.

நீட்டிக்கும் உரிமை யாருக்கு?

பில்லில் டிரான்ஸ்போர்ட்காரரின் ஐ.டி. இருந்தால் அவர் மட்டும்தான் நீட்டிக்க முடியும். ஐ.டி. காலியாக இருந்து, விற்றவரே வண்டி எண்ணைப் பதிந்திருந்தால் விற்றவர் நீட்டிக்க வேண்டும். டிரைவருக்கும் வாங்கியவருக்கும் அந்த வசதி இல்லை. வேலை ஒரு டிரான்ஸ்போர்ட்டிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறி, ஐ.டி.யையும் மாற்றிக் கொடுத்திருந்தால் கடைசியாக யார் பெயரில் இருக்கிறதோ அவர் மட்டும்.

லாரி புரோக்கர் மூலம் வண்டி பிடிக்கும்போது இந்த விதி கடிக்கும். விற்றவர் புரோக்கர் ஆபீஸின் ஐ.டி.யைப் போட்டுவிடுவார். வண்டி வேறொருவருடையது. கமிஷன் வாங்கியதோடு புரோக்கரின் வேலை முடிந்தது. ஹோசூரில் வண்டி நின்று, இரவு பத்து மணிக்கு நீட்டிக்க வேண்டும் என்றால் அந்த ஆபீஸில் போன் எடுக்க ஆள் இருக்காது. விற்றவர் தன் கணக்கில் நுழைந்து பார்த்தாலும் தளம் அனுமதிக்காது. ஒற்றை வண்டி வைத்திருக்கும் உரிமையாளரிடம் சரக்குக் கொடுக்கிறீர்கள், அவருக்கு ஐ.டி. இல்லை என்றால், அந்த இடத்தைக் காலியாக விட்டு வண்டி எண்ணை நீங்களே பதிவது பாதுகாப்பு. நீட்டிக்கும் அதிகாரம் உங்கள் கையில் இருக்கும். வண்டிக்காரரும் ஜி.எஸ்.டி. பதிவு இல்லாமலேயே தளத்தில் பதிந்து, டிரான்ஸ்இன் எனப்படும் 15 இலக்க டிரான்ஸ்போர்ட்காரர் ஐ.டி. எண்ணை வாங்கிக்கொள்ளலாம். அடிக்கடி நீண்ட தூரம் ஓட்டுபவர் அதை வாங்கி வைத்துக்கொள்வது அவருக்கே நல்லது.

இரவில் நீட்டிக்க முடியாமல் போவதற்கு இப்போது இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. 2025 ஏப்ரல் 1 முதல் எல்லாருக்கும் இரட்டைச் சரிபார்ப்பு கட்டாயம். பாஸ்வேர்டு போட்டால் போதாது, பதிவு செய்த மொபைலுக்கு வரும் ஓ.டி.பி.யும் வேண்டும். அந்த எண் கணக்கு எழுதுபவருடையதாக இருந்து, அவர் ஆறு மணிக்கு வீட்டுக்குப் போய்விட்டால் எல்லாம் நின்றுவிடும். தீர்வு எளிது. முதன்மைக் கணக்கிலிருந்து துணைப் பயனர் கணக்குகளை உருவாக்கி, ஒவ்வொன்றுக்கும் அவரவர் மொபைல் எண்ணைக் கொடுத்துவிட வேண்டும். இரவுப் பொறுப்பில் இருப்பவரிடம் அவருக்கென ஒரு துணைக் கணக்கு இருந்தால் யாரையும் எழுப்ப வேண்டியதில்லை. எஸ்.எம்.எஸ். வராத நேரத்துக்கு என்.ஐ.சி.-ஜி.எஸ்.டி.-ஷீல்டு செயலியும் ஓ.டி.பி. தரும்.

மாத்து வண்டியும் பார்சல் லோடும்

வழியில் ஒரு வண்டி படுத்துவிட்டால் சரக்கை வேறு வண்டிக்கு மாற்றும் முன் பார்ட் பி-யில் புதிய வண்டி எண்ணைப் பதிய வேண்டும். பழுது, வண்டி மாற்றம், மற்றவை என்று காரணம் கேட்கும். வண்டி மாற்றிப் பதிந்ததால் நாளும் கூடிவிட்டது என்று நம்பி ஏமாறக் கூடாது. வண்டி எண் மாறும், காலாவதி அதே தேதியில் நிற்கும். நாளும் வேண்டும் என்றால் தனியாக நீட்டிக்க வேண்டும். காலாவதியான பில்லில் வண்டி எண்ணை மாற்றவும் முடியாது. ஆகவே மாத்து வண்டி வர நேரமாகும் என்றால் முதலில் நாளை நீட்டித்துவிட்டு, வண்டி வந்ததும் எண்ணைப் பதிவது சரியான வரிசை.

பார்சல் லாரிகளில் பல பில்களைச் சேர்த்து ஒருங்கிணைந்த இ-வே பில் ஒன்று எடுப்பார்கள். அதற்கெனத் தனிச் செல்லுபடிக் காலம் கிடையாது. உள்ளே இருக்கும் ஒவ்வொரு பில்லுக்கும் அதனதன் நாள்தான். நாற்பது பார்சலில் திருச்சிக்குப் போகும் முறுக்குப் பெட்டிக்கு ஒரு நாள், சென்னைக்குப் போகும் பித்தளைச் சாமானுக்கு மூன்று நாள் இருக்கும். ஒரு பெட்டியின் நாள் முடிந்தால் அதற்கு மட்டும் நீட்டிப்பு போட வேண்டும். ஏற்றும்போதே காலாவதி நேரப்படி அடுக்கி ஒரு தாளில் எழுதி, அதை எல்.ஆர். எனப்படும் லாரி ரசீதுக் கட்டோடு டிரைவரிடம் கொடுத்து, இன்னொரு பிரதியை ஆபீஸில் ஒட்டிவைக்கும் டிரான்ஸ்போர்ட்களில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

டிரான்ஸ்போர்ட் குடோனில் சரக்கு தங்கினால் பயணம் முடிந்ததாகாது, பில் உயிரோடு இருக்க வேண்டும். ஜவுளி வியாபாரத்தில் வாங்கியவர் இடம் இல்லாமல் சரக்கை டிரான்ஸ்போர்ட் குடோனிலேயே வாரக்கணக்கில் விட்டுவைப்பார். இதற்கு 2018 செப்டம்பரில் வந்த சுற்றறிக்கை ஒரு வழி சொல்கிறது. அந்த குடோனைத் தன் கூடுதல் வியாபார இடமாக வாங்குபவர் ஜி.எஸ்.டி. பதிவில் சேர்த்துக்கொண்டால், சரக்கு அங்கே வந்து சேர்ந்ததுமே பயணம் முடிந்ததாகக் கொள்ளப்படும். பிறகு கடைக்கு எடுத்துச் செல்லும்போது தேவைப்பட்டால் புதிய பில். வாடிக்கையாக ஒரே குடோனில் சரக்கு இறக்கும் கடைக்காரர்களிடம் விற்பவர்களே இதைச் சொல்லிச் செய்ய வைக்க வேண்டும்.

எந்தச் சரக்குக்கு வேண்டும், எதற்கு வேண்டாம்?

மாநிலம் தாண்டினால் 50,000 ரூபாய்க்கு மேல், தமிழ்நாட்டுக்குள் 1,00,000 ரூபாய்க்கு மேல் இ-வே பில் வேண்டும். வரியையும் சேர்த்த மதிப்பு இது. வரிவிலக்குச் சரக்கும் வரியுள்ள சரக்கும் ஒரே இன்வாய்ஸில் இருந்தால் விலக்குள்ள சரக்கின் மதிப்பைக் கழித்துப் பார்க்கலாம். புதுவயல் அரிசி ஆலைகளில் இந்த வேறுபாடு தினமும் வரும். லேபிள் ஒட்டிக் கட்டிய 25 கிலோ மூட்டைக்கு வரி உண்டு, ஆகவே இ-வே பில்லும் உண்டு. 26 கிலோ மூட்டைக்கு வரி இல்லை, இ-வே பில்லும் தேவையில்லை. ஒரே லாரியில் இரண்டும் ஏறினால் இன்வாய்ஸில் தெளிவாகப் பிரித்துக் காட்ட வேண்டும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் வாங்கும் பழைய கதவு, தூண், எனாமல் பாத்திரங்களுக்கு இன்னொரு குழப்பம். பயன்படுத்திய வீட்டுச் சாமானுக்கு இ-வே பில் வேண்டாம் என்று விதியில் இருப்பது உண்மை. ஒரு குடும்பம் வீடு மாறும்போது தன் சாமானைக் கொண்டுபோவதற்கு அது பொருந்தும். வியாபாரி விற்று, வாங்கியவர் கொண்டுபோகும் பொருளை அந்த விலக்குக்குள் நுழைக்கப் பார்த்தால் சோதனையில் நிற்காது.

கைவினைப் பொருள் பட்டியலில் வரும் சரக்கை, ஜி.எஸ்.டி. பதிவிலிருந்து விலக்குப் பெற்ற கைவினைஞர் வேறு மாநிலத்துக்கு அனுப்பினால் மதிப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் இ-வே பில் கட்டாயம். கொட்டான் கூடை முடைபவர்கள் 50,000 ரூபாய் வரம்பை நம்பி இருந்துவிடக் கூடாது. கண்டாங்கிச் சேலையைக் கண்காட்சிக்குக் கொண்டுபோகும் நெசவாளர் சங்கங்கள், விற்பனை உறுதி இல்லாததால் டெலிவரி சலான் போட்டு அதன் பேரில் பில் எடுக்க வேண்டும். விற்காத சேலைகள் திரும்பும்போது அதற்கும் ஒரு சலான், ஒரு பில். போகும்போது எடுத்த பில் திரும்பி வரும் பயணத்துக்கு உதவாது. அந்தச் சேலைகள் ஆறு மாதத்துக்குள் விற்கப்படவோ திரும்பவோ வேண்டும் என்ற கெடுவும் உண்டு.

வண்டி நிறுத்தப்பட்டால்

டிரைவர் கையில் இன்வாய்ஸ் அல்லது சலானும், இ-வே பில்லின் நகலோ எண்ணோ இருந்தால் போதும். மின் இன்வாய்ஸ் போடும் நிறுவனம் என்றால் அதன் கியூ.ஆர். குறியீட்டையே காட்டலாம். சோதனை 30 நிமிடத்துக்கு மேல் இழுத்தால் டிரான்ஸ்போர்ட்காரர் இ.டபிள்யூ.பி.-04 படிவத்தில் அதைத் தளத்தில் பதியலாம். ஒரு மாநிலத்தில் ஒருமுறை சரக்கு நேரில் சரிபார்க்கப்பட்டால், ஏய்ப்பு பற்றிக் குறிப்பான தகவல் இருந்தாலொழிய அதே மாநிலத்தில் மறுபடி சரிபார்க்கக் கூடாது. இதைத் தெரிந்த டிரைவர் முதல் சோதனையின் பதிவைக் காட்டி நேரத்தை மிச்சம் பிடிப்பார்.

குறை இருப்பதாக அதிகாரி கருதினால் டிரைவரின் வாக்குமூலத்தை மூவ்-01 படிவத்தில் வாங்குவார். பல வழக்குகளின் தலைவிதி இந்தத் தாளில்தான் எழுதப்படுகிறது. படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. வண்டி எங்கே, எத்தனை மணிக்கு, எதனால் நின்றது என்பது அதில் பதிவாக வேண்டும். தெரியாத மொழியில் எழுதப்பட்டிருந்தால் உரிமையாளருக்குப் படம் எடுத்து அனுப்பிக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்திட வேண்டும். பிறகு மூவ்-02-இல் சரிபார்ப்பு உத்தரவு, மூவ்-04-இல் அறிக்கை, மூவ்-06-இல் நிறுத்திவைப்பு உத்தரவு, மூவ்-07-இல் நோட்டீஸ். நிறுத்திய 7 நாளுக்குள் நோட்டீஸ் தர வேண்டும், நோட்டீஸ் தந்த 7 நாளுக்குள் மூவ்-09-இல் உத்தரவு போட வேண்டும். தரப்பைக் கேட்காமல் அபராதம் விதிக்க முடியாது. டிரான்ஸ்போர்ட்காரர் வண்டியை மட்டும் மீட்க விரும்பினால், விதித்த அபராதம் அல்லது 1,00,000 ரூபாய், இரண்டில் குறைந்ததைக் கட்டி எடுத்துக்கொள்ளலாம். அபராத உத்தரவை எதிர்த்து மேல்முறையீடு போக, அபராதத்தில் 10 விழுக்காடு முன்பணம் கட்ட வேண்டும்; 2025 அக்டோபர் 1-க்கு முன் இது 25 விழுக்காடாக இருந்தது.

பெயரில் எழுத்துப்பிழை, வண்டி எண்ணில் ஒன்றிரண்டு இலக்கம் மாறியது போன்றவற்றுக்கு, 2018 செப்டம்பர் 14 சுற்றறிக்கைப்படி, மத்திய வரிக்கு 500, மாநில வரிக்கு 500 என்று 1,000 ரூபாயோடு விட வேண்டும். காலாவதி அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் காலாவதியானதாலேயே வரி ஏய்ப்பு என்று முடிவுகட்ட முடியாது என்று நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சத்யம் சிவம் பேப்பர்ஸ் வழக்கில், போராட்டத்தால் போக்குவரத்து தடைபட்டு, இடையில் ஞாயிறும் வந்து, 2020 ஜனவரி 6, திங்கட்கிழமை போன சரக்கை அதிகாரி பிடித்தார். பில் முந்தைய நாள் முடிந்திருந்தது. தெலங்கானா உயர் நீதிமன்றம் அபராதத்தை ரத்து செய்து 10,000 ரூபாய் செலவுத்தொகை தரச் சொன்னது. 2022 ஜனவரி 12-இல் உச்ச நீதிமன்றம் அதற்கு மேல் இன்னும் 59,000 ரூபாய் தரச் சொன்னது. தாமதத்துக்கு உண்மையான காரணம் இருந்து, ஷெட் பில், சுங்கச்சாவடிப் பதிவு, இறக்குமிடத்துக்காரர் அனுப்பிய செய்தி என்று ஆதாரமும் கையில் இருப்பவருக்கு இந்தத் தீர்ப்பு பெரிய பலம். ஒரே பில்லை வைத்து இரண்டு முறை சரக்கு ஓட்டியிருக்கலாம் என்ற சந்தேகத்தைத் தீர்க்க முடியாதவருக்கு இது கைகொடுக்காது. தவிர, தீர்ப்பை வாங்க அவர்கள் இரண்டு ஆண்டு நடந்தார்கள். மாலை நான்கு மணிக்கு நீட்டிக்க ஐந்து நிமிடம் ஆகும்.

காலை 8 மணியும் தாண்டிவிட்டால் வண்டியை நிற்கும் இடத்திலேயே நிறுத்திவைத்து, உடனே விற்றவரையும் வரி ஆலோசகரையும் அழைப்பதே நல்லது. அதே இன்வாய்ஸ் எண்ணில் இன்னொரு பில்லைத் தளம் தராது. வேறு எண்ணில் ஒரு தாளைத் தயாரித்து ஓட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்கக் கூடாது. காலதாமதம் என்ற சின்னக் குறை, பொய் ஆவணம் என்ற பெரிய குறையாகிவிடும்.

விற்பவர் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. தொடர்ந்து இரண்டு வரிக் காலத்துக்கு ஜி.எஸ்.டி.ஆர்.-3பி என்ற வரிக் கணக்கைத் தாக்கல் செய்யாதவரின் எண்ணில் வெளியே போகும் சரக்குக்குப் புதிய இ-வே பில் போட முடியாமல் தளம் தடுத்துவிடும். லோடு ஏறி, தார்ப்பாய் கட்டி, டிரைவர் சாவியைத் திருப்பும் நேரத்தில் இது தெரியவந்தால் பாக்கித் தாக்கலை முடிக்கும் வரை வண்டி நிற்கத்தான் வேண்டும், காத்திருப்புக் கட்டணம் தனி.

வண்டியின் சொந்தத் தாள்கள் வேறு கணக்கு. நேஷனல் பர்மிட் வண்டிக்கு ஆண்டுக்கு 16,500 ரூபாய் ஒருங்கிணைந்த கட்டணம் கட்டிப் பெற்ற அங்கீகாரம், எஃப்.சி. என்ற தகுதிச் சான்று, இன்சூரன்ஸ், புகைச் சான்று, சாலை வரி ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காலாவதி. சாதாரண வண்டிக்கு 12 வயது, மல்டி ஆக்சில் வண்டிக்கு 15 வயது ஆனபின் நேஷனல் பர்மிட் கிடையாது. டெல்லி லோடுக்குப் பதின்மூன்று நாள் பில் எடுக்கும்போது, அந்தப் பதின்மூன்று நாளோடு திரும்பி வரும் நாள்களையும் கூட்டி, அதற்குள் எதன் தேதியாவது முடிகிறதா என்று போக்குவரத்துத் துறையின் பரிவாஹன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் லோடு ஒப்புக்கொள்ள வேண்டும். நாக்பூரில் எஃப்.சி. முடிந்து வண்டி நின்றால், இ-வே பில்லின் நாளும் அங்கேயே ஓடிக்கொண்டிருக்கும்.